சப்பாத்திய உடனே நிறுத்தாதீங்க, மொதல்ல டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க

நான் டாக்டர் இல்லைங்க. சேலம் அம்மாபேட்டைல இருக்கற ஒரு அம்மா, அவ்ளோதான். என் பொண்ணுக்கு சீலியாக்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள ஒன்றரை வருஷம் போச்சு, அதுல பாதி நாள் நாங்களே பண்ணுன தப்பால போனது. அந்த தப்ப வேற யாரும் பண்ணிடக்கூடாதுன்னுதான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அது என்ன நோய்னு சொல்லிடறேன். கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்துலயும் க்ளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு, சப்பாத்தி மாவு பெசஞ்சா இழுவையா வருதுல்ல, அது அதாலதான். சிலருக்கு அது உள்ள போனா ஒடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடல தாக்க ஆரம்பிச்சுடும். இது அலர்ஜி இல்ல, ஆட்டோ இம்யூன் நோய். புது டர்க்கி டவல்ல நூல் நூலா நிக்கும் பாருங்க, சிறுகுடலோட உள்பக்கம் அந்த மாதிரிதான் இருக்கும், அந்த நூலுங்கதான் சத்த உறிஞ்சும். சீலியாக் வந்தா அது தேஞ்சு பழைய துண்டு மாதிரி வழுவழுன்னு ஆயிடும். அப்புறம் என்ன தின்னாலும் ஒடம்புல ஒட்டாது. நாங்க மாசாமாசம் இரும்பு டானிக் வாங்கி ஊத்துனோமே, அதெல்லாம் ஏன் வேலை செய்யலன்னு அப்பறந்தான் புரிஞ்சுது.

"அரிசி திங்கற ஊர்ல இதெல்லாம் எங்கங்க வரப்போகுது"ன்னுதான் எல்லாரும் கேப்பாங்க, நாங்க மொதல்ல பாத்த டாக்டரே அப்படித்தான் நெனச்சாரு. கணக்கும் பாதி அவங்க பக்கம்தான் இருக்கு. 2016ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில வட இந்தியால நூத்துக்கு 1.23 பேருக்கும் தென்னிந்தியால 0.10 பேருக்கும் ரத்தத்துல சீலியாக் ஆன்டிபாடி (இந்த நோய்ல ஒடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் புரதம்) இருக்கறதா வந்துச்சு, அதாவது நம்ம பக்கம் ஆயிரத்துல ஒருத்தருக்கு. ஆனா அதே ஆராய்ச்சில இந்த நோய்க்கு தேவையான ஜீன் நம்ம ஆளுங்க கிட்டயும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்குன்னும் வந்துச்சு, கோதுமை தின்ற அளவுதான் வித்தியாசம். இப்ப நம்ம வீட்டுங்கள பாருங்க. சுகர்னு ராத்திரி சப்பாத்தி, வெயிட் கொறைக்க கோதுமை ரவை உப்புமா, பசங்களுக்கு ப்ரெட், நூடுல்ஸ், சாயங்காலம் பரோட்டா. அரிசி ஊருன்னு எத்தன நாளைக்கு சொல்லிட்டு இருக்கப்போறோம்.

என் பொண்ணு கதையும் அதேதான். வீட்ல இருந்தவரைக்கும் இட்லி, சோறு, எப்பவாச்சும் பூரி. ஆறாவதுல ஏற்காட்டுல ஒரு ஹாஸ்டல்ல சேத்தோம், பேரு வேணாம். அங்க காலைல ப்ரெட், சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி சப்பாத்தி, ஞாயித்துக்கெழமை சேமியா. ஒரு வருஷத்துல வயிறு உப்பிக்கிட்டு, வாய்ப்புண்ணு மாத்தி மாத்தி வந்து, கூட படிக்கற புள்ளைங்கல்லாம் தோளுக்கு மேல வளந்துடுச்சுங்க, இவ அப்படியே நின்னுட்டா. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி போறப்ப வாந்தி எடுத்தா "மலைப்பாதை ஒத்துக்கல"ன்னோம், கீழ வந்தும் எடுத்தா "ஹாஸ்டல் தண்ணி"ன்னோம். ஹீமோக்ளோபின் பாத்தா 7.6. பூச்சி மருந்து, டானிக், பேரீச்சம்பழம், முருங்கக்கீரை, எல்லாம் பாத்தாச்சு.

இதுல பேதி பெருசா இல்லவே இல்ல, அதான் யாருக்கும் சந்தேகம் வரல. சீலியாக்னா தெனமும் பேதி போகணும்னு இல்லைங்க. எத்தன டானிக் குடிச்சாலும் ஏறாத ரத்த சோகை, வளராத புள்ள, காரணம் தெரியாத அசதி, அடிக்கடி வர்ற வாய்ப்புண், பல்லு எனாமல் சரியா வராம இருக்கறது, சின்ன வயசுலயே எலும்பு தேயறது, கொழந்த தங்காம போறது, முழங்கை முழங்கால்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அரிக்கிற கொப்புளம், இதுல எதோ ஒண்ணு மட்டும் இருந்தாக்கூட கேட்டுப் பாக்கலாம். டைப் 1 சுகர், தைராய்டு ஆட்டோ இம்யூன் இருக்கறவங்க, டவுன் சிண்ட்ரோம் புள்ளைங்க, வீட்ல யாருக்காச்சும் ஏற்கனவே சீலியாக் இருக்கறவங்க, இவங்களுக்கு வாய்ப்பு அதிகம்.

இப்ப நாங்க பண்ணுன தப்பு. எங்க நாத்தனார் டெல்லில இருக்காங்க, அங்க இது சகஜமா கேள்விப்படற நோய். போன்ல கேட்டதும் "அண்ணி, இது க்ளூட்டனா இருக்கும், கோதுமைய அடியோட நிறுத்திடுங்க"ன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. நாங்களும் லீவுக்கு வந்த புள்ளைக்கு கோதுமைய நிறுத்தி, திரும்ப ஹாஸ்டலுக்கு அனுப்பாம இங்கயே ஒரு ஸ்கூல்ல போட்டு, அஞ்சு மாசம் ஓடுச்சு. புள்ள தெளிஞ்சா. சரி இப்ப டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம்னு போனா, ரிசல்ட் நெகட்டிவ்! ரிப்போர்ட்ட பாத்துட்டு குடல் டாக்டர் கேட்ட மொத கேள்வி "யாரும்மா உங்கள டெஸ்டுக்கு முன்னாடி கோதுமைய நிறுத்தச் சொன்னது?"

விஷயம் இதான். ரத்தத்துல பாக்கறது க்ளூட்டன் உள்ள போறதால ஒடம்பு உண்டாக்குற ஆன்டிபாடிய. கோதுமைய நிறுத்திட்டா அது கொறஞ்சுடும், குடலும் ஆற ஆரம்பிச்சுடும், அப்பறம் நோய் இருந்தும் இல்லன்னு காட்டும். மறுபடி கண்டுபுடிக்கணும்னா மறுபடி கோதுமை குடுத்துதான் ஆகணும். எங்களுக்கு சொன்னது தெனமும் ஒரு வேளைக்கு மேல கோதுமை, குறைஞ்சது ஆறு வாரம். தேறிட்டு வந்த புள்ளைக்கு நானே தட்டுல சப்பாத்திய வெச்சு "தின்னு கண்ணு"ன்னு சொன்ன அந்த ஆறு வாரம் இருக்கே, எதிரிக்கும் வரக்கூடாது. வயித்த புடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்துக்குவா.

அதனால ஒழுங்கு இதுதான்: சந்தேகம் வந்தா வழக்கம்போல கோதுமை சாப்பிட்டுக்கிட்டே இருங்க, டாக்டர பாருங்க, ரத்தம் குடுங்க, முடிவு வந்தப்பறம் நிறுத்துங்க.

ரத்த டெஸ்ட் பேரு டிடிஜி ஐஜிஏ. கூடவே டோட்டல் ஐஜிஏன்னு ஒண்ணையும் சேத்து எழுதித் தரச் சொல்லி கேளுங்க. ஏன்னா சிலருக்கு ஐஜிஏங்கற அந்த ஆன்டிபாடி வகையே ஒடம்புல ரொம்ப கம்மியா இருக்கும், சீலியாக் இருக்கறவங்கள்ல நூத்துக்கு ரெண்டு மூணு பேரு அப்படி. அவங்களுக்கு டிடிஜி ஐஜிஏ எப்ப பாத்தாலும் நார்மல்னுதான் வரும், அப்ப ஐஜிஜி வகை டெஸ்ட் பாக்கணும். இந்த ஒரு விஷயம் தெரியாம நெகட்டிவ்னு வீட்டுக்கு வந்துடறவங்க உண்டு. எங்களுக்கு சாம்பிள் சென்னை போயி வர மூணு நாள் ஆச்சு.

பாசிட்டிவ்னா அடுத்தது எண்டோஸ்கோப்பி. வாய் வழியா குழாய விட்டு சிறுகுடலோட ஆரம்பத்துல இருந்து சின்ன சின்ன துணுக்கா எடுப்பாங்க. ஒண்ணு ரெண்டு பத்தாது, பாதிப்பு திட்டு திட்டாத்தான் இருக்கும்ங்கறதால நாலாவது எடுக்கணும், டியோடினத்தோட (சிறுகுடலோட மொதல் பகுதி) மேல் பகுதில இருந்தும் ஒண்ணு ரெண்டு எடுத்தா நல்லது. "எத்தன எடுப்பீங்க சார்"னு முன்னாடியே கேக்கறதுல வெக்கம் வேணாம். பயாப்ஸி ரிப்போர்ட்ல மார்ஷ்னு ஒரு கிரேடு போடுவாங்க, 3ன்னா டவல் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அதுல ஏ பி சின்னு எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பிரிப்பாங்க. எங்களுக்கு 3பி. கொழந்தைங்களுக்கு மட்டும் டிடிஜி நார்மல் அளவுக்கு 10 மடங்குக்கு மேல இருந்து, தனியா இன்னொரு சாம்பிள்ல ஈஎம்ஏங்கற வேறொரு ஆன்டிபாடி டெஸ்டும் பாசிட்டிவா வந்தா பயாப்ஸி இல்லாமயே முடிவு பண்ணலாம்னு 2020ல ஐரோப்பிய கொழந்தை குடல் டாக்டருங்க வழிமுறை கொண்டு வந்தாங்க. அத வெச்சுக்கலாமா வேணாமான்னு உங்க டாக்டர்தான் சொல்லணும்.

ஜீன் டெஸ்ட் எடுக்கலாமான்னு கேப்பீங்க. டிக்யூ2, டிக்யூ8னு ரெண்டு ஜீன், ஜனங்கள்ல மூணுல ஒருத்தருக்கு இருக்கும், இருந்தா நோய் இருக்குன்னு ஆகாது. ரெண்டுமே இல்லன்னா சீலியாக் அநேகமா இல்லவே இல்லன்னு சொல்லிடலாம், அதுக்குத்தான் அது உபயோகம். முடிய புடுங்கி அனுப்பு, எரநூறு சாப்பாட்டுக்கு அலர்ஜி சொல்றோம்னு ஒரு பேக்கேஜ் விக்கறாங்களே, அதுக்கு காசு குடுக்காதீங்க, அந்த காசுக்கு பதினஞ்சு கிலோ சாமை வாங்கலாம்.

எல்லா டெஸ்டும் நார்மல், ஆனாலும் சப்பாத்தி தின்னா வயிறு கல்லு மாதிரி ஆகுதுன்னா? அதுவும் நெசமான தொல்லைதான், மனப்பிரமைன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. சீலியாக் அல்லாத க்ளூட்டன் ஒவ்வாமைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு தனி டெஸ்ட் கெடையாது, சீலியாக், கோதுமை அலர்ஜி ரெண்டும் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, கொஞ்ச நாள் விட்டு, திரும்ப சாப்பிட்டுப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. இதுல நெறைய பேருக்கு வில்லன் க்ளூட்டனே இல்ல, கோதுமைல இருக்கற ஃப்ரக்டான்ங்கற மாவுச்சத்து. அது வெங்காயத்துலயும் பூண்டுலயும் உண்டு. சின்ன வெங்காய சாம்பாருக்கும் இதே மாதிரி உப்புசம் வந்தா அந்தப்பக்கம் யோசிங்க. இவங்களுக்கு குடல் தேயாது, அதனால ஒரு துணுக்குக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்ல, கொறச்சுக்கிட்டா போதும்.

கோதுமை அலர்ஜி தனி. தின்ன கொஞ்ச நேரத்துலயே ஒடம்பு தடிக்கும், ஒதடு வீங்கும், மூச்சு இழுக்கும். மூச்சு இழுத்தா நெட்ல தேடிட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இன்னொண்ணும் சொல்லணும், நம்ம பக்கம் ட்ராபிகல் ஸ்ப்ரூன்னு ஒரு நோய் உண்டு, அதுலயும் குடல் இதே மாதிரிதான் தேயும், ஆனா அதுக்கு ஃபோலிக் ஆசிடும் ஆன்டிபயாட்டிக்கும் மருந்து. ஜியார்டியா கிருமியாலயும் இப்படி ஆகலாம். பயாப்ஸிய மட்டும் வெச்சு ஆயுசு முழுக்க கோதுமை கூடாதுன்னு முடிவு பண்ணக்கூடாதுங்கறது இதனாலதான், ரத்த ரிசல்டும் ஒத்துப்போகணும்.

சரி, சீலியாக்னு உறுதி ஆயிடுச்சு. மாத்திரை? இல்ல. ஆயுசுக்கும் க்ளூட்டன் இல்லாத சாப்பாடு, அதான் வைத்தியம். எங்க வீட்டுக்காரர் நம்பவே இல்ல, "சாப்பாட்ட மாத்துனா இவ்ளோ பெரிய நோய் போயிடுமா"ன்னாரு. டிக்கேன்னு நெதர்லாந்துல ஒரு கொழந்தை டாக்டர் இருந்தாரு. 1944-45 குளிர்காலத்துல போர் நேரம், அங்க பெரிய பஞ்சம், ப்ரெட்டே கெடைக்கல. ஊரே பட்டினில வாடுது, இந்த நோய் இருந்த புள்ளைங்க மட்டும் தேறிச்சுங்க. ப்ரெட் திரும்ப வந்ததும் மறுபடி படுத்துடுச்சுங்க. கோதுமைதான் காரணம்னு அவருக்கு இருந்த சந்தேகம் அதுல பலமாச்சு. இத சொன்னப்பறம்தான் மனுஷன் அமைதியானாரு.

நம்ம சமையலறை பாதிக்கு மேல ஏற்கனவே பத்திரம்தான், அதுல நாம குடுத்து வெச்சவங்க. அரிசி, உளுந்து, பருப்பு, ராகி, கம்பு, சோளம், சாமை, தினை, கடலை மாவு, காய், முட்டை, கறி, பால், தயிர் எதுலயும் க்ளூட்டன் கெடையாது. நம்ம ஊர் ஜவ்வரிசி குச்சிக்கிழங்குல செய்யறது, அதுலயும் இல்ல, சேமியா பாயசம் போற எடத்துல எல்லாம் ஜவ்வரிசி பாயசம் போட்டுக்கலாம். (வெறும் மாவுச்சத்துதான், அதையே தெனமும் குடுத்து புள்ள தேறும்னு நெனச்சுடாதீங்க.) சுண்ணாம்புச் சத்துக்கு ராகி, 100 கிராம்ல சுமார் 350 மில்லிகிராம் இருக்கு. கேழ்வரகு களியும் கீரைக் கொழம்பும்னா எங்க மாமியாருக்கு கொண்டாட்டம், "நாங்க அந்தக் காலத்துல தின்னதுதானே, இதுக்கு எதுக்கு டாக்டரு"ன்னாங்க.

வெளிப்படையா தெரியற எதிரிங்க: சப்பாத்தி, பூரி, பரோட்டா, மைதா, ரவை, சேமியா, ப்ரெட், பிஸ்கட், கேக், நூடுல்ஸ், சம்பா கோதுமை. ரவை கோதுமைதாங்கறது நெறைய பேருக்கு தெரியறதில்ல, ரவா தோசைய அரிசி தோசைன்னு நெனச்சு குடுத்துடறாங்க.

ஒளிஞ்சிருக்கறதுதான் ஆபத்து. பெருங்காயம்! கடைல டப்பால விக்கறது கூட்டுப் பெருங்காயம், அதுல பெருங்காயம் கொஞ்சம், கோந்தும் மாவும் மீதி, அந்த மாவு நெறைய கம்பெனில மைதாதான். சுத்தமா எல்லாம் நிறுத்திட்டோம்னு நெனச்சுக்கிட்டு தெனம் ரசத்துல நானே போட்டுட்டு இருந்திருக்கேன். அரிசி மாவு கலந்ததும் கெடைக்குது, லேபிள படிச்சு வாங்குங்க, இல்லன்னா பெருங்காயமே போடாம சீரகம் பூண்டு தூக்கலா போட்டு ரசம் வைங்க, பழகிடும். அடுத்து ஹார்லிக்ஸ், பூஸ்ட் மாதிரி மால்ட் பவுடருங்க. மால்ட்னா பார்லி. ஒடம்பு சரியில்லாத புள்ளைய பாக்க வர்றவங்க எல்லாம் அதத்தான் ஒரு பாட்டில் வாங்கிட்டு வருவாங்க, எங்க வீட்ல வரிசையா அஞ்சு நின்னுச்சு. சத்துமாவுலயும் கோதுமை, பார்லி இருக்கும், அங்கன்வாடில தர்றதுலயும் கோதுமை உண்டு. சோயா சாஸ்ல கோதுமை. கோபி 65, சில்லி சிக்கன் மேல மைதா. ஓட்ஸ்ல தன்னளவுல பெரும்பாலானவங்களுக்கு பிரச்சனை இல்ல, ஆனா சாதாரண பாக்கெட் ஓட்ஸ்ல கோதுமை கலந்துதான் வரும், மொத ஒரு வருஷம் தொடாதீங்க, அப்பறம் டாக்டர கேட்டுக்கலாம்.

லேபிள்ல ரெண்டு எடம் பாக்கணும். அலர்ஜி தகவல்னு கோதுமை, க்ளூட்டன் இருக்கான்னு தனியா போடணும்ங்கறது சட்டம். க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டிருந்தா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு அமைப்பு) விதி. இவ்ளோ துல்லியம் எதுக்குன்னா, தெனமும் 50 மில்லிகிராம் க்ளூட்டன் மூணு மாசம் போனாலே குடல் கெடுதுன்னு பாத்திருக்காங்க. 50 மில்லிகிராம்ங்கறது ஒரு ப்ரெட் துண்ட நூறா பிச்சா அதுல ஒண்ணு ரெண்டு துணுக்கு. ஹாஸ்டல் வார்டன் எங்ககிட்ட "ஒரு பிஸ்கட்ல என்னங்க ஆயிடப் போகுது"ன்னு கேட்டாங்க, அதுக்கு பதில் இதுதான்.

அப்ப மாவு மில்? இத யாருமே சொல்ல மாட்டாங்க. முன்னாடி போனவங்க கோதுமைய அரைச்சிருப்பாங்க, அதே கல்லுல நம்ம ராகிய கொட்டுனா மொத ரெண்டு கிலோல கோதுமை வராம எப்படி இருக்கும். எங்க தெரு மில்லு அண்ணன்கிட்ட கேட்டேன், "அண்ணா, கோதுமை அரைக்காத மெஷின் எதாச்சும் இருக்குங்களா?"

"மொளகாப்பொடி மெஷின்தான் தனிங்க. மாவு மெஷின் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்"னாரு.

அதோட மில்லுக்கு கும்புடு போட்டாச்சு. அரிசி, ராகி எல்லாம் கழுவி காயவெச்சு வீட்டு மிக்ஸில கொஞ்சம் கொஞ்சமா அரைச்சு சலிக்கறேன், இல்லன்னா ஊறவெச்சு கிரைண்டர்ல போட்டு தோசையா ஊத்திடறேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழால ஊர் முழுக்க கூழ் ஊத்துவாங்களே, கூழ்ல க்ளூட்டன் இல்ல, ஆனா மாவு எந்த மில்லுல அரைச்சதோ. அதனால அந்த வாரம் வீட்லயே ஒரு குண்டா கூழ் காய்ச்சி, மாங்கா மோர்மொளகாவோட அவளுக்கு தனியா.

வீட்ல மத்தவங்க சப்பாத்தி சாப்பிடறதுன்னா சப்பாத்திக்கட்டை, சல்லடை, மரக்கரண்டி, தோசைக்கல்லு எல்லாம் பழசு வேணாம், அவளுக்கு தனியா புதுசு. எண்ணெயும் தனி, பூரி சுட்ட எண்ணெய்ல அப்பளம் பொரிக்கக்கூடாது. ஸ்டீல் பாத்திரம் நல்லா தேச்சு கழுவுனா போதும், அதுக்கு புதுசு வாங்க வேண்டியதில்ல. நான் கடைசில அலுத்துப்போயி வீட்டுக்குள்ள கோதுமையே வேணாம்னு சொல்லிட்டேன், சப்பாத்தி வேணும்னா வெளில போயி தின்னுட்டு வாங்கன்னு. ரொட்டி ஆசைக்கு அரிசி மாவையோ சோள மாவையோ நல்லா கொதிக்கற தண்ணில கிளறி, சூடு இருக்கறப்பவே பெசஞ்சு, கொஞ்சம் இசப்கோல் சேத்தா ஒடையாம வரும்.

வெளிய சாப்பிடறது பெரிய தலவலி. ராத்திரி கடைல பரோட்டா போடற கல்லுலயேதான் தோசையும் ஊத்துவாங்க, அதனால இட்லி கேளுங்க, சட்னியோட நிறுத்திக்கோங்க, சாம்பார்ல பெருங்காயம். நம்ம தட்டுவடை செட்டுக்கு இவ உயிர விடுவா. தட்டை அரிசி மாவுலதான், ஆனா மொறுமொறுப்புக்கு மைதா சேக்கறவங்களும் உண்டு, பெருங்காயமும் போடுவாங்க. நான் தட்டைய வீட்ல சுட்டு வெச்சிருக்கேன், கேரட், பீட்ரூட் துருவி சட்னி தடவி இங்கயே செட் போட்டாச்சு. ஏற்காடு போனா லேக் பக்கம் பஜ்ஜி கடைங்க, கடலை மாவுன்னுதான் சொல்வாங்க, அதே எண்ணெய்ல ப்ரெட் பஜ்ஜியும் மிதக்குது பாருங்க. அங்க வேகவெச்ச மக்காச்சோளம், பலாச்சொள, ஆரஞ்சு, கொய்யா, ஃபில்டர் காபி, இதுக்கு மேல எதையும் தொடறதில்ல. சர்ச்சுல குடுக்கற அப்பமும் கோதுமைதான், பங்குத்தந்தைகிட்ட முன்னாடியே பேசி க்ளூட்டன் கம்மியா இருக்கறதுக்கு ஏற்பாடு பண்ணிக்கலாம்.

எவ்ளோ நாள்ல சரியாகும்? வயித்து உப்புசமும் வாய்ப்புண்ணும் ரெண்டு மூணு வாரத்துலயே கொறைய ஆரம்பிச்சுது. இரும்பு, ஃபோலிக், பி12, டி, கால்சியம் எல்லாம் மொதல்ல பாத்து, கொறஞ்சத குடுத்தாங்க, தைராய்டும் பாத்தாங்க. டிடிஜிய ஆறு மாசத்துல ஒரு தடவ, வருஷத்துல ஒரு தடவ, அப்பறம் வருஷாவருஷம் பாக்கணும். எறங்கிட்டே வரணும், எறங்கலன்னா எங்கயோ கோதுமை உள்ள போயிட்டு இருக்கு. எங்களுக்கு ஆறாவது மாசம் எறங்காம நின்னப்பதான் அந்த பெருங்காய டப்பா மாட்டுச்சு. பெரியவங்களுக்கு குடல் ஆற ரெண்டு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம், எலும்பு டென்சிட்டியும் பாத்துக்கணும். நல்லா ஆயிடுச்சேன்னு நடுவுல "ஒரு நாள்தானே"ன்னு பரோட்டா தின்னா வெளில ஒண்ணும் தெரியாமலே உள்ள தேஞ்சுட்டு இருக்கும்.

கூடப்பொறந்தவங்க, அப்பா, அம்மா எல்லாரும் ஒரு தடவ ரத்தம் குடுத்துடுங்க, பத்துல ஒருத்தருக்கு இருக்கும்ங்கறாங்க. எங்க பெரியவனுக்கு நெகட்டிவ். ரெண்டு மூணு வருஷத்துல திரும்ப பாக்கச் சொல்லியிருக்காங்க, அதுவரைக்கும் அவன கோதுமைய நிறுத்த விடல. அவனும் டெஸ்டுக்காகத்தான்மான்னு சொல்லிக்கிட்டே வாரம் மூணு நாள் பரோட்டா கடைல நிக்கறான்.